நிற்கக் கற்றுக்கொண்ட பிள்ளையும் நாலு தலையணையும்

திருச்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதம் நான்கு பக்கம். அதன் சாரம் இது:

முதல் பிள்ளை, மகன். 9 மாதம் முடியப் போகிறது. கணவருக்கு வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய நாத்தனார், 2009ல் அங்கே தன் பிள்ளைக்கு வாங்கிய மரத் தொட்டிலைச் சாமான்களோடு கப்பலில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒரு பக்கத்துச் சட்டம் மட்டும் மேலும் கீழும் இறங்கும். அதன் மெத்தை வரவில்லை. இங்கே இலவம்பஞ்சில் ஒன்று தைத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு திருகாணி தொலைந்த இடத்தில் கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறது. ஆறு மாதம் வரை தொந்தரவு இல்லை. இப்போது மல்லாக்கப் படுக்கவைத்த மறுநிமிடம் பையன் குப்புறக் கவிழ்கிறான், மூலைக்கு மூலை உருள்கிறான், சட்டத்தில் தலையை முட்டுகிறான். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, இரண்டு கம்புகளுக்கு நடுவே தொடை வரை கால் மாட்டிக்கொண்டது. அடுத்த வாரம் பார்த்தால், மேல் சட்டத்தைப் பிடித்து நின்றுகொண்டு அழுகிறான். பயந்துபோன இவர் நாலு பக்கமும் தலையணை அடுக்கி, கம்புகளைச் சுற்றிப் போர்வையை மடித்துக் கட்டி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பிள்ளையை மல்லாக்கத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார். "தூளியில் போடு, அசையாமல் தூங்குவான்" என்கிறார் மாமியார். "எது சரி டாக்டர்? தலையணை போதுமா, இன்னும் கனமாகக் கட்டவா? இடுப்பில் பெல்ட் மாதிரி ஏதாவது போடலாமா? எங்கள் கட்டிலிலேயே படுக்கவைத்துக்கொள்ளட்டுமா? இவ்வளவு துறுதுறுப்பு நல்லதுதானா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நீங்கள் தூங்குங்கள். ராத்திரி உட்கார்ந்து பிள்ளையைத் திருப்பிப் போடும் வேலை உங்களுக்குத் தேவையில்லை. குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், அது சரி. ஒரு வயது முடியும் வரை அப்படியே செய்யுங்கள். ஆனால் மல்லாக்கிலிருந்து குப்புறவும், குப்புறவிலிருந்து மல்லாக்கவும் தானே புரளத் தெரிந்த பிள்ளை, தூக்கத்தில் எப்படித் திரும்பினாலும் அப்படியே விட்டுவிடலாம். உங்கள் மகன் எழுந்து நிற்கிற அளவுக்கு வளர்ந்தவன். கழுத்தைத் தூக்கவும் முகத்தைத் திருப்பவும் அவனுக்குத் தெரியும்.

மல்லாக்கப் படுக்க வைப்பது பற்றி நீங்கள் படித்தது எதுவும் தவறில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992ல் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று சொன்னது. 1994ல் அது பெரிய பிரசாரமாகவே நடந்தது. அதற்குப் பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் சம்பவங்கள் அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆனால் அந்த மரணங்களில் பத்துக்கு ஒன்பது, முதல் ஆறு மாதத்துக்குள் நடப்பவை. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது உங்கள் பிள்ளைக்கு ஆபத்து வருவது அவன் புரள்வதால் அல்ல. புரண்டுபோய் எதில் முகத்தைப் பதிக்கிறான் என்பதில்தான் இருக்கிறது.

அந்த நாலு தலையணை

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுத் தொட்டிலில் இப்போது குழந்தைக்கு ஆபத்தான பொருள் எது என்று கேட்டால், பாதுகாப்புக்காக வைத்த தலையணைகளைத்தான் முதலில் காட்டுவேன். உருளும் வயதுக் குழந்தை மெத்தென்ற ஒன்றில் போய் முகம் புதைத்தால், தான் விட்ட மூச்சுக்காற்றையே திரும்ப இழுக்க ஆரம்பிக்கும். ஆக்ஸிஜன் குறையும். பெரியவர்களுக்கு இது உறைத்து எழுந்துவிடுவோம். தூக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு எப்போதும் உறைக்கும் என்று சொல்ல முடியாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எழுந்து நிற்கத் தெரிந்தவனுக்குத் தலையணை ஒரு படிக்கட்டு. அதன்மேல் ஏறினால் சட்டத்தைத் தாண்டி நெஞ்சு வெளியே வந்துவிடும்.

கம்புகளைச் சுற்றிக் கட்டிய போர்வைக்கும் இதே கதைதான். கடைகளில் அதற்கென்றே தைத்து, பூப்போட்டு விற்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் 2022ல் தனிச் சட்டம் போட்டு அந்தப் பஞ்சு வைத்த தடுப்புகளின் விற்பனையை நிறுத்தினார்கள். நானும் இதில் யோக்கியம் இல்லை. என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, டூட்டி முடித்து வந்த அசதியில் அவளைச் சுற்றித் தலையணையால் கோட்டை கட்டிவிட்டுத் தூங்கியவள்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

'அப்போ தலையில் அடிபடாதா' என்பீர்கள். படும். சட்டத்தில் முட்டினால் சின்னதாகப் புடைக்கும், அழுவான், சரியாகிவிடும். தொட்டிலுக்குள் உருண்டு முட்டுகிற வேகத்தில் மண்டைக்கு ஆழமான அடி படாது. வேண்டுமென்றே தாளம் போடுவதுபோல் முட்டினாலும் கவலைப்படாதீர்கள். ஆரோக்கியமான பல குழந்தைகள் தூக்கம் வருவதற்கு முன் அப்படிச் செய்வார்கள். ஆறு, ஏழு மாதத்தில் தொடங்கி, பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தானே நின்றுவிடும். கால் மாட்டிக்கொள்வதும் பார்க்கப் பயங்கரமாக இருக்குமே தவிர, உயிருக்கு ஆபத்தில்லை. அடுத்த முறை மாட்டினால் வெளியிலிருந்து காலைப் பிடித்து இழுக்காதீர்கள். முழங்காலை மடக்கி, கொஞ்சம் எண்ணெய் தடவி, உள்பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

தலை மாட்டுவதுதான் ஆபத்து. குழந்தையின் உடம்பு நுழைகிற இடைவெளியில் தலை நுழையாது. இடுப்பு வெளியே போய்த் தலை உள்ளே நின்றுவிட்டால் கழுத்தில் தொங்கும். அதனால்தான் கம்புகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அமெரிக்கத் தொட்டில் என்பதால் உங்களுடையது அந்த அளவுக்குள்தான் இருக்கும். கால் மாட்டியதை வைத்து இடைவெளி அதிகம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அது அப்படியில்லை.

ஆனாலும் அந்தத் தொட்டில் வேண்டாம்

இடைவெளி சரிதான். பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்த இறங்கும் சட்டத்துக்காக.

தாய்மார்கள் குனிய வேண்டியதில்லை என்பதால் ஒருகாலத்தில் அந்த வகைத் தொட்டில் அங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. நாள்பட நாள்பட, சட்டத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கியும் தடமும் தேயும், உடையும், திருகாணி கழன்று விழும். அப்போது சட்டம் மொத்தமாக விழாது. ஒரு மூலையில் மட்டும் கழன்று, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆங்கில 'வி' எழுத்துபோல் ஒரு சந்து திறக்கும். உருண்டு வரும் குழந்தை அதில் சரியும். மேலே அகலமாக இருப்பதால் உடம்பு இறங்கிவிடும், கீழே குறுகுவதால் கழுத்து சிக்கிவிடும். 2000த்துக்குப் பிறகு பத்து வருடத்தில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்குச் சொன்னது. 2011 ஜூன் 28 முதல் அந்த வகைத் தொட்டிலைச் செய்யவும் விற்கவும் தடை. ஹோட்டல்களும் குழந்தைக் காப்பகங்களும்கூட அதற்குப் பிறகு மாற்றியாக வேண்டியிருந்தது. உங்கள் நாத்தனார் வாங்கியது தடைக்கு இரண்டு வருடம் முன்னால். அதைக் கழற்றி, கப்பலில் ஏற்றி, திரும்பப் பூட்டி, ஒரு திருகாணிக்குப் பதில் கட்டுக்கம்பி. 'அமெரிக்காவில் வாங்கியது, அதனால் ஸ்ட்ராங்காக இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர்க் கடையிலேயே இன்று அதை விற்க முடியாது, அம்மா.

நாத்தனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள். அவர் மேல் தப்பில்லை, வாங்கியபோது அது சட்டப்படி விற்ற பொருள்தான். தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், பழைய சாமான் விற்கும் தளத்திலும் போடாதீர்கள். பலகையாகப் பிரித்துவிடுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தைக்கும் விடை கொடுங்கள். பெரியவர்களுக்கு அதைவிடச் சுகமான மெத்தை கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தைக்கு அது குழி விழுகிற மெத்தை. கையால் அழுத்தி எடுத்தால் அழுத்திய தடம் நிற்கக் கூடாது. தேங்காய் நார் மெத்தை, மேலே இழுத்துப் பூட்டிய பருத்தி விரிப்பு, அவ்வளவுதான். 'கட்டாந்தரை மாதிரி இருக்குமே, பாவம்' என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள். குழந்தைக்கு முதுகுவலி எல்லாம் கிடையாது. சுகம் என்பது அவனுக்கு வேர்க்காமல் இருப்பது, வயிறு நிறைந்திருப்பது, கண்ணைத் திறந்தால் பழகிய ஆள் அருகில் இருப்பது. திருச்சி வெயிலுக்கு மின்விசிறி ஓடட்டும், ஒன்றும் ஆகாது. ஏசி இருந்தால் 25, 26ல் வையுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம். குழந்தைகள் உடம்புச் சூட்டைத் தலை வழியாகவும் வெளியேற்றுகிறார்கள்.

தூளியா, கட்டிலா, பாயா?

மாமியார் சொல்வதை அடியோடு தள்ளமாட்டேன். நாமெல்லாம் சேலைத் தொட்டிலில் வளர்ந்தவர்கள்தான். அந்த ஆட்டமும் அணைப்பும் பச்சைக்குழந்தையை அமைதிப்படுத்துவது உண்மை. ஆனால் 9 மாதத்துப் பிள்ளைக்குத் தூளியின் காலம் முடிந்துவிட்டது. 'அசையாமல் தூங்குவான்' என்று அவர் சொல்வதிலேயே விஷயம் இருக்கிறது. துணி சுற்றிக்கொள்வதால் அவனால் அசைய முடியாது. உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும். நிற்கத் தெரிந்தவன் துணியைப் பிடித்து எழ முயன்றால் தலைகீழாக வெளியே வருவான். ஸ்பிரிங் போட்ட தொட்டில் என்றால் கொக்கியின் கனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் சேலைத் தொட்டிலில் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகி இறந்த செய்தி நம் மாநிலத்தில் அடிக்கடி வருகிறது. பகலில் கண் முன்னால் பத்து நிமிடம் ஆட்டித் தூங்கவைக்க ஆசைப்பட்டால் மாமியார் மடியில் போட்டு ஆட்டட்டும். பேரனுக்கும் அதுதான் பிடிக்கும்.

பெல்ட் கூடவே கூடாது. தூங்கும் குழந்தையைக் கட்டிப்போடும் எந்தப் பொருளும் கடைசியில் கழுத்துக்கு நகரும்.

உங்கள் கட்டிலில் சேர்த்துப் படுக்க வைப்பதை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வேண்டாம் என்கிறது. அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில் என்பது அவர்கள் சொல்வது. நம் ஊரில் தாயும் பிள்ளையும் ஒன்றாகப் படுப்பதுதான் வழக்கம். அதை ஒரு பத்தியில் மாற்றிவிடுவேன் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் விஷயத்தில் எனக்கு இருக்கும் பயம் வேறு. இரண்டடி உயரக் கட்டில், தலையணைகள், நைட் ஷிப்ட் முடித்துவந்து அடித்துப் போட்டதுபோல் தூங்கும் அப்பா, உருளும் பிள்ளை. என்னிடம் 'கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்' என்று தூக்கிக்கொண்டு ஓடிவருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

புதுத் தொட்டில் வரும் வரை உங்களுக்குத் தரைதான் நல்ல வழி. அவனுக்கென்று தனியாக ஒரு பாய், அதன்மேல் தடித்த ஜமுக்காளம் அல்லது அந்த நார் மெத்தை. சுவரோடு ஒட்டிப் போடாமல் நடு அறையில் போடுங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவேயும் சந்து விழும். பக்கத்தில் உங்கள் பாய். அவன் உருண்டு வந்தால் தரைக்குத்தான் வருவான், விழ இடமில்லை. ஆனால் படுக்கும் முன் ஒருமுறை நீங்களே தவழ்ந்து பாருங்கள். சார்ஜர் வயர், பிளக் பாயிண்ட், கொசு விரட்டி, கட்டிலுக்கடியில் விழுந்த மாத்திரை, ரிமோட்டிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரி. எல்லாம் அவன் கண்மட்டத்தில்தான் இருக்கும்.

புதிதாக வாங்கினால், அல்லது ஆசாரியிடம் செய்யச் சொன்னால்

நாலு பக்கமும் அசையாத சட்டம். கம்பு இடைவெளி 6 சென்டிமீட்டருக்குள். மெத்தைத் தட்டை இறக்கிவைக்க வசதி வேண்டும். ஆக இறக்கிய நிலையில், தட்டிலிருந்து மேல் சட்டம் வரை 60 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். உங்கள் மகன் நிற்கிறான், அதனால் முதல் நாளிலிருந்தே ஆகக் கீழ்நிலைதான். குறுக்குக் கம்பு எதுவும் வேண்டாம், அது ஏணி. மூலைக் கால்களின் தலையில் உருண்டை, பூமொட்டு என்று ஆசாரி அழகு பண்ணப் பார்ப்பார், விடாதீர்கள். சட்டையோ கழுத்துக் கயிறோ அதில் மாட்டித் தொங்கும். கழுத்தில் தாயத்து, திருஷ்டிக் கயிறு இருந்தால் தூங்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள். அரைஞாண் இருந்துவிட்டுப் போகட்டும்.

மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. ஆகவே மெத்தைக்குத் தொட்டிலை அளந்துதான் சொல்ல வேண்டும், குத்துமதிப்பாக வேண்டாம். பல் முளைக்கும் பிள்ளை மேல் சட்டத்தைக் கடிக்காமல் இருக்கமாட்டான். வர்ணம் அடித்தால், ஈயம் 90 பிபிஎம்முக்குள் என்று டப்பாவில் போட்டிருக்கும் பெயிண்டாகப் பார்த்து வாங்குங்கள். 2017 நவம்பரிலிருந்து நம் நாட்டில் அதுதான் வரம்பு. வீட்டில் கிடக்கும் பழைய டப்பாவைத் திறக்க வேண்டாம். கடையில் வாங்கினால் பில்லை வைத்திருங்கள். சட்டம் ஆடினாலோ உடைந்தாலோ, கடைக்காரர் கையை விரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு.

தொட்டிலை ஜன்னல், திரைச்சீலை, தொங்கும் படம் எதற்கும் கீழே போடாதீர்கள். மேலே ஊசலாடும் பொம்மைச் சரத்தையும் எடுத்துவிடுங்கள், அது மல்லாக்கப் படுத்துப் பார்க்கும் வயதுக்கானது. கொசுவலை வேண்டும், ஆனால் தொளதொளவென்று உள்ளே விழாமல், வெளிப்பக்கம் விறைப்பாக இழுத்து அடியில் செருக வேண்டும். அவன் 89 சென்டிமீட்டர் உயரத்தைத் தொடும்போதோ, சட்டம் அவன் நெஞ்சுமட்டத்துக்கு வரும்போதோ தொட்டிலை விட்டு இறக்கிவிடலாம்.

துறுதுறுப்பு

இந்த வயதில் 'ஹைப்பர்' என்று எந்த மருத்துவரும் முத்திரை குத்த முடியாது. ஒன்பது மாதத்துப் பிள்ளைக்கு நிற்பது புது வித்தை. புதிதாக சைக்கிள் கற்றவன் ராத்திரியிலும் பெடல் மிதிப்பதுபோல் இவனும் அரைத்தூக்கத்தில் ஒத்திகை பார்க்கிறான். எழுந்து நின்று அழுகிறான் என்றீர்களே, அது ஏன் தெரியுமா? பல பிள்ளைகளுக்கு நிற்கத் தெரிந்துவிடும், உட்காரத் தெரியாது. மாட்டிக்கொண்டு நிற்பார்கள். பகலில் சோபாவைப் பிடித்து நிற்கும்போது, கீழே ஒரு பொம்மையைக் காட்டி, முழங்காலை மெதுவாக மடக்கி உட்காரப் பழக்குங்கள். நாளைக்குப் பத்துத் தடவை. ஒரு வாரத்தில் ராத்திரி அழுகை பாதியாகும். பகலில் தரையில் தாராளமாகத் தவழ விடுங்கள். வாக்கர் வேண்டாம், யார் பரிசாகக் கொடுத்தாலும்.

ஒரே ஒரு விஷயம் நான் சோதித்துப் பார்க்க விரும்புவேன். தூக்கத்தில் ஓயாமல் கைகால் உதறும் குழந்தைகளில் சிலருக்கு இரும்புச்சத்து குறைவாக இருக்கும். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் போவீர்கள் அல்லவா, அப்போது ஹீமோகுளோபின் பற்றிக் கேளுங்கள். ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கிடைக்கும்.

எப்போதாவது விழுந்துவிட்டால்: நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாத மயக்கத் தூக்கத்தில் இருந்தாலோ, காது மூக்கிலிருந்து ரத்தமோ தண்ணீர்போலவோ வந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். நெற்றியில் புடைத்து, ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போனால் வீட்டிலேயே கவனிக்கலாம். நெற்றியைத் தவிர மண்டையின் வேறு பக்கத்தில் மெத்தென்று வீங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்று. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், சளிக்காகத் தொட்டில் சட்டத்தில் கற்பூரத்தைத் துணியில் முடிந்து கட்டியிருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதை அவிழ்த்து எறியுங்கள். சட்டத்தையே கடிக்கிற பிள்ளைக்கு அந்த முடிச்சு எத்தனை நிமிடம்? ஒரு சின்ன வில்லை உள்ளே போனால்கூட சில நிமிடங்களில் வலிப்பு வரும். சளிக்கு மூக்கில் உப்புநீர்ச் சொட்டு போதும்.